வீட்டிலேயே ஒரு கோடை முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கிப் பத்து நாள் ஆனதும் எங்கள் வீட்டில் ஒரே பாட்டுதான்: "போர் அடிக்குது." தெருவில் இருந்த மற்ற வீடுகளிலும் அதே கதை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு வாரம் நம் வீட்டிலேயே முகாம் நடத்தினால் என்ன என்று ஆரம்பித்தோம். இப்போது நான்கு கோடை ஆகிவிட்டது. "நாங்களும் செய்யலாம் என்று இருக்கிறோம், எப்படி?" என்று கேட்பவர்களின் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் போனில் ஒரு மணி நேரம் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோனதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்குக் கைவேலை எதுவும் வராது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கமும் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஸ்கேல் இல்லாமல் எனக்கு ஒரு நேர்க்கோடு வராது. இதற்கு வேண்டியது இரண்டே குணங்கள்: மூன்று மணி நேரம் போனைத் தொடாமல் இருப்பது, தரையில் பெயிண்ட் கொட்டினால் பதறாமல் இருப்பது. இரண்டாவது வராது என்றால் முகாமை வெளியே, மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் முறையாகக் கற்றுக்கொள்ளச் சொல்வேன்: முதலுதவி. குறிப்பாக, தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது, மூச்சும் இதயத்துடிப்பும் நின்றுபோனால் நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் எப்படிக் கொடுப்பது. காணொளி பார்த்தால் போதாது. நேரில் போய், பொம்மை மேல் கை வைத்து அழுத்திப் பழகிக்கொள்ள வேண்டும்.

எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம்?

முதல் தடவை ஆறு பேர். ரொம்பக் கெஞ்சினால் எட்டு. வயது ஆறிலிருந்து பதினொன்றுக்குள் இருந்தால் சமாளிக்க எளிது.

அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் பகல்நேர முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 6 முதல் 8 வயது வரை 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 14 வரை 10 பேருக்கு ஒருவர், ஐந்து வயதும் அதற்குக் கீழும் என்றால் 6 பேருக்கு ஒருவர். இது பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து நடத்தும் இடங்களுக்கான கணக்கு. நாமோ கதவைத் தட்டும் ஆளுக்கும், கொதிக்கும் அடுப்புக்கும், முகாமுக்கும் நடுவே நிற்பவர்கள். அதனால் பிள்ளைகளின் எண்ணிக்கையை இதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளைக்கு முட்டி தேய்ந்தால் ஒருவர் கட்டுப்போடப் போவார், மற்றவர்களைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது. அடுத்த வீட்டார் எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் இந்த விதியை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டுமே என்று தயங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு நிம்மதியாக இருந்ததாம்.

முதல் வருடம் நான் பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். "அவளைச் சேர்த்துவிட்டு இவனை விட்டால் நன்றாக இருக்குமா?" என்று ஒவ்வொருவராகக் கூடிப்போனது. இரண்டாம் நாள் கண்ணாமூச்சி முடிந்து எண்ணினால் பதினொன்றுதான் வருகிறது. மறுபடி எண்ணினேன், பதினொன்று. வீடு, தெரு, பக்கத்து வீட்டுக் கார் நிறுத்துமிடம் எல்லாம் தேடி, கால் நடுங்க ஆரம்பித்த நேரத்தில், துணி வெளுக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து ஒருவன் வந்தான். வியர்வையில் சட்டை ஒட்டிப்போயிருந்தது, முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நான்தானே ஜெயிச்சேன்?" ஆட்டம் முடிந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண். விசில் ஊதினால் எங்கே இருந்தாலும் வந்து வரிசையாகத் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும். இதையே ஒரு விளையாட்டாக்கி, ஒருநாளைக்கு நான்கு தடவை நடத்துகிறோம். நேற்றைய நேரத்தை முறியடிக்க அவர்களே அவசரப்படுவார்கள்.

எத்தனை நாள், எவ்வளவு நேரம்?

ஐந்து நாள், காலை 9 முதல் 12 வரை. மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டால் வேலை இரட்டிப்பாகும். வெயிலும் அதற்குள் ஏறிவிடும்.

மூன்றாம் நாள்தான் கஷ்டமான நாள். முதல் நாள் புதுசு, இரண்டாம் நாள் உற்சாகம், மூன்றாம் நாள் எல்லோருக்கும் களைப்பு, சண்டையும் அன்றுதான். எனவே அந்த நாளைக் காலியாக விடுங்கள். கதை, படம் வரைவது, நிழலில் படுத்து மேகம் பார்ப்பது, அவ்வளவுதான். நான்காம் நாள் தானாக எழுந்துவிடுவார்கள்.

தினமும் என்னென்ன செய்வது? அட்டவணை எப்படிப் போடுவது?

முதல் வருடம் நான் போட்ட அட்டவணையில் ஐந்து நாளுக்குப் பதினேழு வேலைகள் இருந்தன. நிறம் நிறமாகக் கட்டம் போட்டு, பிரிட்ஜில் ஒட்டி, கொஞ்சம் திமிராகவே இருந்தேன். முதல் நாள் காகித முகமூடிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு "அடுத்தது என்ன?" என்று நின்றார்கள். பத்தரைக்குள் அன்றைய சரக்கு எல்லாம் காலி. வேறு வழியில்லாமல், புதிதாக வாங்கிய துணி வெளுக்கும் மெஷின் வந்திருந்த பெரிய அட்டைப்பெட்டியை இழுத்து நடுவில் போட்டேன்.

அந்தப் பெட்டி அடுத்த நான்கு நாளும் ஓடியது. முதலில் கப்பல். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒருத்தி பக்கவாட்டில் ஒரு நீளத் துளை போட்டுத் தரச் சொன்னாள், தபால் நிலையம் ஆகிவிட்டது. நான் கட்டம் போட்டு வைத்திருந்த எதையும் யாரும் கேட்கவே இல்லை.

இந்தப் பக்கத்தில் நான் சொல்லவருவது ஏறக்குறைய இவ்வளவுதான்: வேலைகளைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். கறாராக இருக்க வேண்டியது எண்ணிக்கையில், தண்ணீரில், யார் வந்து அழைத்துப்போகிறார்கள் என்பதில். விளையாட்டில் இல்லை.

இப்போது எங்கள் நாள் இப்படிப் போகிறது. 9 மணிக்கு வரும்போதே ஒரு மேசையில் ஏதாவது தயாராக இருக்கும்: கட்டைகள், களிமண், பழைய பத்திரிகைகளும் கத்தரிக்கோலும். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், உட்கார்ந்து தொடங்கலாம். சீக்கிரம் வந்த பிள்ளை சும்மா நிற்காது, தாமதமாக வந்த பிள்ளை எதையும் தவறவிடாது. 9:20க்கு வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு என்ன என்று பேசுவோம். அதன்பின் அன்றைய பெரிய வேலை, ஒரே ஒரு வேலை, ஒரு மணி நேரம்வரை. நடுவே தண்ணீர். 10:30க்கு நொறுக்கு. பிறகு ஓடி ஆடும் விளையாட்டு அரைமணி. 11:15லிருந்து அவர்கள் இஷ்டம். 11:40க்கு எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்ய வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் கதை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதைவிட, உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையை ஒப்படைப்பது எல்லோருக்கும் சுகம்.

அந்தப் "பெரிய வேலை"க்கு நிச்சயம் எடுபடும் சில யோசனைகள் சொல்லுங்களேன்?

அட்டைப்பெட்டிக்குத்தான் முதலிடம். பெரிய சாமான் விற்கும் கடையில் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பேனாக்கத்தி பெரியவர் கையில் மட்டும். பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டுக் காட்டட்டும், நீங்கள் அறுத்துக்கொடுங்கள். டேப் மட்டும் தாராளமாக வாங்குங்கள். ஒரு முகாமில் எவ்வளவு டேப் தீரும் என்பதை அனுபவிக்காதவர்கள் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, நிழல் குச்சி. செலவே இல்லை. வெயில் விழும் இடத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, அரைமணிக்கு ஒருதரம் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து, கல்லில் நேரத்தைச் சாக்பீஸால் எழுத வேண்டும். மறுநாள் கடிகாரத்தை ஒளித்துவைத்துவிட்டு, கற்களைப் பார்த்து மணி சொல்லச் சொல்லுங்கள். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. ஆனாலும் நேராக நட்ட குச்சியின் கற்கள் ஒரே இடைவெளியில் அமையாது. யாராவது ஒரு பிள்ளை இதைக் கவனித்துவிட்டு ஏன் என்று கேட்கும். நிழல் மிகக் குட்டையாகும் நேரம் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டாக இருப்பதும் அபூர்வம், ஏனென்றால் நம் கடிகாரம் ஒரு பெரிய பகுதிக்கே பொதுவான நேரத்தைக் காட்டுகிறது, சூரியன் நம் இடத்தின் நேரத்தைக் காட்டுகிறது. சென்ற வருடம் ஒரு ஆறு வயதுக்காரன் பத்து மணிக் கல்லை எடுத்து ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் விளையாடலாம்" என்றான். எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, கார்ன்ஃப்ளார் குழம்பு. இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணீர். குத்தினால் கல், விட்டால் நீர். திடீரென்று அழுத்தும்போது மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கி இறுகிவிடுகின்றன. மெல்ல அழுத்தினால் விலகிப்போக அவற்றுக்கு அவகாசம் கிடைக்கிறது. இதை நீங்கள் விளக்கவே வேண்டாம், முதலில் அரைமணி கையை விட்டு அளையட்டும். முடிந்ததும் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். நான் ஊற்றினேன். வெயிலில் காயவைத்தால் பொடியாகிவிடும், கூட்டி அள்ளிக் குப்பையில் போடலாம்.

இலை அச்சும் நன்றாக வரும். சாயம் வெளுக்கும் மலிவான அடர்நிறத் தாளின்மேல் இலைகளைப் பரப்பி, காற்றில் பறக்காமல் சிறு கற்களை வைத்து, நல்ல வெயிலில் விட்டுவிடுங்கள். இலை மூடிய இடம் தவிர மற்ற இடம் வெளுத்துவிடும். காலையில் வைத்தால் வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் பார்க்கலாம். வெயில் மந்தமாக இருந்தால் மறுநாளும் அப்படியே இருக்கட்டும்.

சமையல் சோடாவும் வினிகரும் பழைய சரக்குதான், ஆனாலும் சலிப்பதில்லை. பாட்டிலில் வினிகரை ஊற்றி, பலூனுக்குள் சோடாவைப் போட்டு, பாட்டிலின் வாயில் மாட்டிப் பலூனைக் கவிழ்த்தால் கரியமில வாயு பலூனை ஊதிவிடும். எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள் கையில் ஊதாத பலூனையும் உடைந்த பலூன் துண்டையும் விடாதீர்கள். வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும்.

ஆறு வயதும் பதினொரு வயதும் ஒன்றாக எப்படி விளையாடும்?

பெரிய பிள்ளையையும் சின்னப் பிள்ளையையும் ஜோடி சேர்த்துவிடுங்கள். ஆனால் பெரியதைச் சின்னதுக்குக் காவலாள் ஆக்கிவிடாதீர்கள். இரண்டாம் நாளே அலுத்துப்போகும். பதினொரு வயதுக்கு நிஜமான வேலை வேண்டும்: நேரம் பார்ப்பது, விசில் வைத்திருப்பது, புதையல் வேட்டைக்குத் துப்பு எழுதுவது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் துப்பைப் படமாக வரைந்துதர வேண்டும் என்று சொன்னால் போதும், அரைமணி நேரம் தலையைத் தூக்க மாட்டார்கள்.

பதினான்கு, பதினைந்து வயதில் தெருவில் யாராவது இருந்தால் உதவிக்குக் கூப்பிடுங்கள். பெரியவர் கணக்கில் மட்டும் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பது சுமார் 10 முதல் 4 வரை. ஓட்டமெல்லாம் அதற்கு முன்னாலோ நிழலிலோ இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் நான் மேலே சொன்ன அட்டவணையில் ஓடி ஆடும் நேரம் தப்பான இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பக்கம் பெரிய மரம் இருக்கிறது. உங்களுக்கு நிழல் இல்லையென்றால் அதைக் காலை ஒன்பதுக்கு மாற்றிவிடுங்கள். வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு என்று ஒன்று வரும். அது 3 அல்லது அதற்குமேல் போனால் நிழல், தொப்பி, சட்டை, சன்ஸ்கிரீன் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தடவி அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

தாகம் எடுத்தால் குடிப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. ஓடும் நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்போம், எல்லோரும் நாலு வாய் குடிக்க வேண்டும். பாட்டிலில் பெயர் இல்லையென்றால் பாதி நேரம் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தண்ணீர் விளையாட்டு வைக்கலாமா?

ஸ்பாஞ்சும் வாளியும் வைத்து விளையாடலாம். காற்றடித்த குளம் வேண்டாம் என்பது என் கட்சி. சில சென்டிமீட்டர் தண்ணீரிலேயே சின்னப் பிள்ளை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். குளம் வைத்தே தீருவேன் என்றால் ஒரு பெரியவர் அதைப் பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஆட்டம் முடிந்த நிமிடமே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். வாளிக்கும் அதே விதிதான்.

ஸ்பாஞ்சு ஓட்டம் தெரியுமல்லவா? இரண்டு அணி, அந்தப் பக்கம் நிறைந்த வாளி, இந்தப் பக்கம் காலி வாளி. ஸ்பாஞ்சை நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து பிழிய வேண்டும். தோற்பவர்களுக்கும் வருத்தமே இருக்காது, எல்லோரும்தான் தொப்பலாக நனைந்திருப்பார்களே.

நொறுக்குத் தீனி நாம் கொடுப்பதா, அவர்கள் கொண்டுவருவதா?

அவரவர் கொண்டுவருவது நல்லது. பங்குபோடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பகிர்ந்து உண்ணச் சொல்லி வளர்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் ஒவ்வாமை என்பது ஒரு வாயில் வரக்கூடியது. வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகைகள், எள் இவைதான் அதிகம் வம்பு செய்பவை. அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் பிள்ளை என்றால் ஊசி முகாமுக்கும் வர வேண்டும். எப்படிப் போடுவது என்று அந்த அம்மா அப்பாவே உங்களுக்குக் காட்டித்தர வேண்டும்.

கெட்டுப்போகக்கூடிய எதையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். திராட்சையை ஐந்து வயதுக்குக் கீழுள்ள தம்பி தங்கைகள் கேட்டு வந்தால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஒரே ஒரு தாள். பிள்ளையின் பெயர், உடனே எடுக்கக்கூடிய இரண்டு போன் எண்கள், ஒவ்வாமை, எடுக்கும் மருந்து, யார் யார் வந்து அழைத்துப்போகலாம், படம் எடுக்கலாமா, எடுத்தால் வெளியே பகிரலாமா. இதைத் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் இருந்தால் அவசரத்துக்கு உங்கள் போன் உங்களிடம் இருக்காது.

பட்டியலில் இல்லாதவர் வந்தால், அவர் சொந்த மாமாவே ஆனாலும், ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கட்டணம் வாங்கலாமா? அனுமதி ஏதாவது தேவையா?

டேப், தாள், பெயிண்ட் செலவை எல்லாரும் பங்குபோட்டுக்கொள்வதில் சிக்கல் இல்லை. கட்டணம் என்று வாங்க ஆரம்பித்தால், பல இடங்களில் சட்டத்தின் பார்வையில் அது குழந்தைகள் காப்பகம் ஆகிவிடும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம், பணம் உண்டா இல்லையா என்பதை வைத்து விதி மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும், வீட்டுக் காப்பீடு இருந்தால் அவர்களிடமும்.

பிள்ளைகள் சண்டை போட்டால்?

போடுவார்கள். முதல் நாள் வட்டத்தில் விதிகளை அவர்களையே சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மூன்று விதிக்குமேல் வேண்டாம். அடிக்கக் கூடாது, கேட்காமல் பிடுங்கக் கூடாது, சொல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. எல்லையைச் சாக்பீஸால் நிஜமாகவே தரையில் வரைந்துவிடுங்கள்.

சண்டை வந்தால் யார் முதலில் தொடங்கியது என்று விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. இரண்டு பேரையும் பிரித்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முக்கால்வாசி சண்டை மறந்திருக்கும். தோற்பவர் வெளியேறும் ஆட்டங்களைக் குறைத்தால் அழுகையும் குறையும். முதலில் வெளியேறுவது எப்போதும் அதே சின்னப் பிள்ளைதான், அது சும்மா உட்கார்ந்து என்ன செய்யும்?

என் பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகத் தொல்லை கொடுக்கிறான். ஏன்?

ஏனென்றால் அது அவன் வீடு. அவன் பொம்மையை வேறு யாரோ எடுக்கிறார்கள், அவன் நாற்காலியில் வேறு யாரோ உட்காருகிறார்கள், அவன் அம்மாவை எட்டுப் பேர் "ஆண்ட்டி, ஆண்ட்டி" என்று கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் என் மகன் வாசற்படியில் நின்றுகொண்டு, "இது எங்க வீடு, எல்லாரும் போங்க" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

இப்போது முகாமுக்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து, யாரும் தொடக் கூடாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டுகிறோம். சாவி அவனிடம். வெளியே இருப்பதெல்லாம் எல்லோருக்கும் பொது என்று அவனே ஒத்துக்கொண்டாகிவிட்டது. அவன் அறைக்கதவும் மூடியே இருக்கும். மதியம் எல்லோரும் போனதும் அரைமணி அவனுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். இந்த அரைமணிக்காக நான் சுத்தம் செய்வதைக்கூடத் தள்ளிப்போடுவேன்.

ஒரு பிள்ளை எதிலும் சேராமல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தால்?

விட்டுவிடுங்கள். பார்வையில் வைத்திருங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு சிறுமி முதல் இரண்டு நாளும் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். தண்ணீர், நொறுக்கு எல்லாம் அங்கேதான். "என்ன செய்யற?" என்று கேட்டால் "பாக்கறேன்." மூன்றாம் நாள்தான் வெளியே வந்து, பெட்டியில் துளை போடச் சொன்னாள். தபால் நிலையம் வைத்தது அவள்தான். அதற்குப் பிறகு தபால்தலை ஒட்டாமல் யாருடைய கடிதத்தையும் வாங்க மறுத்தாள்.

பிரிந்த ஏக்கத்தில் அழுகிற பிள்ளை என்றால் வேறு. அம்மாவோ அப்பாவோ ஒளிந்து நழுவாமல், "பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும்.

மழை வந்துவிட்டால்?

இடி இல்லாத தூறல் என்றால் நனையட்டும், மாற்று உடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே வீட்டுக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் வெளியே. உள்ளே இருக்க ஒரு பை தனியாக வைத்திருக்கிறோம், மழை நாளுக்கு மட்டும்: போர்வைகளும் துணிக்கிளிப்பும் கொண்டு கூடாரம், டார்ச் லைட் வைத்து நிழல் பொம்மை.

டிவி, போன்?

கிடையாது. உங்களுக்கும்தான்.

அடிபட்டால்?

சிராய்ப்பு என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும், பிறகு பிளாஸ்டர். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள். முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். சூடு பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசையும் ஐஸும் வேண்டாம். தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படியாவது சீக்கிரம் எடுத்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அவசர ஊர்தி. தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கம், குழப்பம் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றும் இல்லாத சின்ன இடி என்றாலும் வீட்டுக்குப் போகும்போது பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி பிள்ளை வழியாகத் தெரிந்தால் கதை வேறு மாதிரி வளரும்.

கடைசி நாள் நிகழ்ச்சி வைக்க வேண்டுமா?

மேடை, பாட்டு, ஒத்திகை என்று இறங்கினால் கடைசி இரண்டு நாளும் அதற்கே போய்விடும். அரைமணி வீட்டைத் திறந்துவிட்டால் போதும். பெற்றோரைப் பிள்ளைகளே கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டட்டும்: இது என் கல், இது நான் செய்த இலை, இந்தக் குழம்பில் கையை விடுங்கள், இல்லை, குத்துங்கள்.

செய்த சாமானை யார் எடுத்துப்போவது என்று மட்டும் முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். முதல் வருடம் அந்தத் தபால் நிலையத்துக்கு நான்கு வீட்டிலிருந்து உரிமை கோரினார்கள். ஒருவர் வீட்டுக் கதவிலும் அது நுழையவில்லை. எங்கள் திண்ணையிலேயே கிடந்தது. ஒரு மழையில் நனைந்து குழைந்தபோது குப்பைக்கு எடுத்துப்போகலாமென்று தூக்கினேன், உள்ளே ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆறேழு கடிதங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் தபால்தலை ஒழுங்காக ஒட்டியிருந்தது.